ஆறரைக்கு இருட்டும் ஊர்

கிள்ளான்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

முதலில் மன்னித்துக்கொள். எல்லாருடைய கையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில் தங்கச்சி தாள் எடுத்து எழுதுகிறாளே, என்ன கெட்ட செய்தியோ என்று நீ பயந்துவிடக் கூடாது. ஒன்றும் இல்லை. நீ கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குக் கிளம்பி ஏழு வாரம் ஆகிறது. செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் போன் லைன் கிடையாது, லஹாட் டத்து டவுனுக்கு வந்தால்தான் கூப்பிட முடியும் என்கிறாய். நீ கூப்பிட்டால் அம்மா கைப்பேசியை விடுவதே இல்லை. கடைசியில் என் கைக்கு வரும்போது, "சரி பிரியா, பஸ் வந்துருச்சி, வைக்கிறேன்" என்கிறாய். எனக்கு வாயால் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது. அதனால்தான் இது.

உன் முதுகு எப்படி இருக்கிறது? செம்பனைக் குலை லோரி என்றால் ஓட்டுவது மட்டுமா, ஏற்றி இறக்கவும் சொல்கிறார்களா? அம்மா பரவாயில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நாலரைக்கு எழுந்து, ஐந்தே முக்காலுக்கு அம்மாவை மையத்தில் விட்டுவிட்டு, நான் கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குப் போகிறேன். நீ இருந்தபோது மாற்றி மாற்றிப் போனோம். இப்போது மூன்று நாளும் நான் என்பதால் பாதித் தூக்கத்தை ரயிலுக்கு மாற்றிவிட்டேன். பாடாங் ஜாவாவில் கண்ணை மூடினால் பெட்டாலிங்கில் தானாகத் திறக்கிறது.

திரும்பும்போது அம்மாவைப் பக்கத்துப் படுக்கை ஆன்டியின் கணவர் பரமேஸ்வரன் அங்கிள் தன் காரில் கொண்டுவந்து விடுகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வாரத்தில் இரண்டு நாள் லோரி ஓட்டுகிறவர். "ஏம்மா, யுனிவர்சிட்டி போய்ப் படிச்சது தண்ணி டெஸ்ட் பண்ணவா, காலங்காத்தால டிரைவர் வேல பாக்கவா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நான் சிரிப்பேன். பதில் தெரியாதபோது சிரிப்பது என் வழக்கம்.

பொங்கல் இந்த முறை செவ்வாய்க்கிழமை. சாயங்காலம்தான் பால் பொங்க வைக்க முடியும்.

சாப்பாட்டை விட்டுவிடாதே. பதில் இரண்டு வரி இருந்தாலும் போதும்.

உன் தங்கை,
பிரியா


லஹாட் டத்து
2 பிப்ரவரி 2025

பிரியாவுக்கு அண்ணன் எழுதுவது,

நான் நலம். அம்மாவும் நீயும் நலமா? கடிதம் எழுதியதற்கு மன்னிப்பா? தோட்டத்தில் எனக்கு வந்த முதல் கடிதம் இது. கூட வேலை செய்யும் விஜயன் டவுனிலிருந்து கொண்டுவந்து என் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு கையெழுத்துடா, யாருன்னு சொல்லு, தரேன்" என்றான். தங்கச்சி என்றதும் முகம் தொங்கிவிட்டது அவனுக்கு.

இங்கே மூன்று வாரமாக மழை. செம்மண் ரோடு கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. லோரி இறங்கினால் டிராக்டர் வந்து இழுக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பேச ஆள் இல்லை. நம் வீட்டு மின்விசிறி சத்தம் எல்லாம் நினைவுக்கு வந்தது.

ஒரு வினோதம் சொல்லவா? கடிகாரம் உங்கள் கடிகாரம்தான், சூரியன் மட்டும் வேறு. காலை ஆறுக்கெல்லாம் நல்ல வெளிச்சம். சாயங்காலம் ஆறரைக்கு விளக்குப் போட வேண்டும். முதல் வாரம் ஏழரைக்கே தூங்கிவிட்டேன். "என்னடா, கோழிக்குஞ்சா நீ?" என்று கூட இருக்கும் பையன்கள் கேலி செய்தார்கள்.

உன்னைப் போல எனக்கு எழுத வராது. மூன்று நாளும் நீயே போகிறாய் என்று படித்தபோது சங்கடமாக இருந்தது. ஒரு வருடம் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

பிரவின்


கிள்ளான்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். டிராக்டர் வந்த இடத்தில் இரண்டு முறையும், "புள்ள பசியோட இருந்திருப்பான்" என்றார். இப்போது மழை விட்டதா? சளி, காய்ச்சல் எதுவும் இல்லையே?

தைப்பூசமும் செவ்வாய்க்கிழமையில் வந்தது. ஊர் முழுக்க பத்துமலைக்குப் போக, நாங்கள் வெறும் ரோட்டில் மையத்துக்குப் போனோம். நர்ஸ்களில்கூடப் பாதிப் பேர் விடுமுறை. அம்மா இயந்திரத்தோடு படுத்துக்கொண்டு டிவியில் காவடி பார்த்தார்.

நம் ஊரில் பருவங்களே இல்லை என்கிறார்கள். தினமும் ஒரே ரயிலில் போகிறவளுக்கு அப்படித் தெரியவில்லை. பெட்டி முழுவதும் நனைந்த குடை வாடை அடித்தால் ஒரு பருவம். பள்ளி விடுமுறையில் உட்கார இடம் கிடைப்பது ஒரு பருவம். டுரியான் பழம் வந்துவிட்டால், அதன் வாடைக்காகக் கதவருகே ஒட்டியிருக்கும் தடை அறிவிப்பை எல்லாரும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பலகாரக் கூடாரங்கள் வந்து நடக்க இடம் இருக்காது. இது எனக்குப் போதுமான ஆண்டு.

செலவிலும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஐம்பது வெள்ளிக்கு மேல் விலையுள்ள எதையும் பார்த்த அன்றே வாங்குவதில்லை. மூன்று நாள் கழித்தும் நினைவிருந்தால் திரும்பிப் போவேன். பெரும்பாலும் நினைவிருப்பதில்லை. சீதாலெட்சுமி மேடத்திடம், அவர்தான் எங்கள் மேலாளர், இதைச் சொன்னேன். "இது சிக்கனம் இல்லம்மா, பயம்" என்றார்.

உனக்கு எப்போது விடுமுறை? அம்மா வாய்விட்டுக் கேட்பதில்லை, நாட்காட்டியைப் பார்க்கிறார்.

உன் தங்கை,
பிரியா


லஹாட் டத்து
6 ஏப்ரல் 2025

பிரியாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. கொஞ்சம் அலைச்சல். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் நலம் என்று நினைக்கிறேன்.

மழை நின்றுவிட்டது. இப்போது வேலை ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வெளியே வந்தால் இன்னும் வெயில் முகத்தில் அடிக்கிறது. இருட்டும்வரை பையன்களோடு பந்து அடிக்கிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை.

இனிமேல் கடிதத்தை விஜயன் பெயருக்கே அனுப்பு. என்னை அடிக்கடி வேறு டிவிஷனுக்கு மாற்றுகிறார்கள். அவன் என்னிடம் சேர்த்துவிடுவான்.

விடுமுறை இப்போது கஷ்டம். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

பிரவின்


கிள்ளான்
4 மே 2025

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று படித்ததில் எங்களுக்கும் நிம்மதி. அம்மாவுக்குப் போன வாரம் இரத்த அழுத்தம் இறங்கி, டயாலிசிஸைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது சரியாகிவிட்டது. நீ கவலைப்படாதே.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நேரடியாகவே எழுதுகிறேன். எங்கள் நிறுவனம் கோத்தா கினபாலுவில் கிளை திறக்கிறது. ஆறு, கிணறு, குழாய் என்று அங்கே சோதிக்க வேண்டிய தண்ணீர் நிறைய. சீதாலெட்சுமி மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டு, "விஷ்ணுப்ரியா, கூட்டத்துல நீ வாயே தொறக்க மாட்ட. ஆனா தண்ணிகிட்ட பேச வேண்டியதில்லையே. ரெண்டு வருஷம், ஆய்வுக்கூடம் முழுக்க உன் பொறுப்பு. போறியா?" என்றார்.

நான் வழக்கம்போலச் சிரித்தேன். "சிரிப்பு பதில் இல்லம்மா" என்றார்.

அண்ணா, எனக்குப் போக வேண்டும் போல இருக்கிறது. இப்படி எதற்கும் இருந்ததில்லை. மூன்று நாள் கழித்தும் நினைவிருந்தது, பத்து நாள் கழித்தும் நினைவிருக்கிறது. அம்மாவையும் கூட்டிப் போகலாம். அங்கே டயாலிசிஸ் மையங்கள் இருக்கின்றன, இடம் இருக்கிறதா என்று ஒன்றில் கேட்டும் வைத்தேன். தெரியாத ஊரில் அம்மாவோடு தனியாக இருக்க மட்டும் எனக்குத் தைரியம் இல்லை. நீ இருக்கும் மாநிலம் என்பதால்தான் இதை நினைத்தே பார்க்கிறேன். பஸ்ஸில் எட்டு மணி நேரமாம். மாதத்துக்கு ஒருமுறை நீ வந்தால் போதும். அல்லது நீயும் அங்கே வேலை மாற்றிக்கொண்டால் மூவரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்றால் சொல்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் பதிலுக்காக,
பிரியா


லஹாட் டத்து
14 மே 2025

பிரியாவுக்கு,

நான் நலம். அம்மாவின் அழுத்தம் இப்போது எப்படி இருக்கிறது? உன் கடிதம் பார்த்ததும் எழுதுகிறேன்.

வேண்டாம் பிரியா. நீ நினைப்பது போல இல்லை இந்த ஊர். நான் இருக்கும் இடத்திலிருந்து கோத்தா கினபாலு வருவது சும்மா இல்லை, மழையில் ரோடு போனால் இரண்டு நாளும் ஆகும். மாதம் ஒருமுறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் நீ என்ன செய்வாய்? அம்மாவை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, மையத்தில் இடம் இல்லை என்றால்? கிள்ளானில் அங்கிள் இருக்கிறார், ஆன்டி இருக்கிறார், பழகிய நர்ஸ்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாயே.

என்னையும் இந்த வருடக் கடைசியில் எங்கே போடுவார்கள் என்று தெரியாது. நீ என்னை நம்பி வந்து நான் இல்லாமல் போனால் அது பெரிய தப்பு.

நல்ல வேலைதான், தெரிகிறது. அடுத்த வருடம் இன்னொன்று வரும். உனக்கு மூளை இருக்கிறது, அது எங்கேயும் போய்விடாது. அண்ணன் உன் நல்லதுக்குத்தான் சொல்வேன்.

பிரவின்


கிள்ளான்
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? அம்மா நலம். நானும் நலம்.

உன் கடிதம் மே 26 அன்று கிடைத்தது. மற்றவை மூன்று வாரம், நான்கு வாரம் எடுத்தன. இது சீக்கிரம் வந்துவிட்டது. மறுநாளே மேடத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். குடும்பம் என்றேன். "யார் குடும்பத்துல? உன்னத் தவிர எல்லாரும் வேணாம்னாங்களா?" என்றார். அதற்கும் சிரித்தேன்.

எனக்குப் பதிலாக தனேஷ் போகிறான். எனக்கு ஆறு மாதம் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவன். "தேங்க்ஸ்கா, நீங்க வேணாம்னதாலதான் எனக்குக் கெடச்சது" என்று ஒரு பெட்டி கேக் வாங்கி வைத்தான். நல்ல பையன். கேக்கும் நன்றாக இருந்தது.

அம்மாவிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன். "நல்லதுலா" என்றார். எங்கே, எவ்வளவு நாள், என்ன வேலை, எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே கேட்டு முடித்தவர் போல இருந்தது முகம். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. முன்பெல்லாம் நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும்படி பேசுவார். இப்போது துணி காயும் இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கொசு கடிக்குமே என்றால், "உள்ள லைன் சரியில்ல" என்கிறார்.

இந்த மாதம் சம்பளத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கினேன். பார்த்த அன்றே.

பிரியா


லஹாட் டத்து
20 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே? நீ போகாமல் இருந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. நல்ல முடிவு. மழைக்கோட்டு வாங்கினாயா, வாங்கு, வாங்கு. சம்பாதிக்கிறவள் வாங்காமல் யார் வாங்குவது?

இங்கே ரம்புத்தான் பழம் கொட்டுகிறது. ஒரு கட்டு வாங்கினால் இன்னொரு கட்டு சும்மா தருகிறார்கள். ஆனால் பத்து நாளாகக் காட்டுத்தீப் புகை. தொண்டை கரகரக்கிறது. ஏழரைக்குச் சூரியன் இறங்கும்போது பார்த்தால் உடைக்காத முட்டைக்கரு மாதிரி சிவப்பாக நிற்கிறது, கண் கூசாமல் பார்க்கலாம். அம்மாவை வெளியே அதிகம் விடாதே. முகக்கவசம் போட்டுவிடு.

இடுப்பு கொஞ்சம் பெருத்துவிட்டது எனக்கு. பழைய கால்சட்டை ஏறவில்லை. இனி ரொட்டி சானாயைக் குறைக்க வேண்டும்.

அன்புடன் அண்ணன்,
பிரவின்


கிள்ளான்
24 ஆகஸ்டு 2025

அண்ணா,

தொண்டை சரியாகிவிட்டதா? இங்கேயும் புகை இருந்தது. அம்மாவுக்கு இருமல் வந்து போனது. இப்போது இருவரும் நலம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு பயணம் போனேன். நான் எங்கும் போவதில்லை என்பாயே, அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

பரமேஸ்வரன் அங்கிள் ஒருநாள் மையத்து வாசலில் என்னிடம், "என்னம்மா உங்க அண்ணன் இப்படி? பங்லிமா காராங் மாமாக் சாப்பாட்டுக் கடையில பாத்தேன். டேய் பிரவினுன்னு கூப்பிட்டேன், காது கேக்காத மாதிரி மோட்டார் சைக்கிள்ல ஏறிப் போயிட்டான்லா" என்றார்.

"அண்ணன் சபாவுல இருக்கான் அங்கிள்" என்றேன்.

"அப்ப அவன மாதிரியே ஒருத்தன். மூக்குகூட அதே மூக்கு. உங்கப்பா எங்கயாச்சும் கணக்குத் தப்பிட்டாரா?" என்று சிரித்தார். ஆன்டி அவர் தோளில் அடித்தார்.

நானும் சிரித்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். அன்று தூக்கம் வரவில்லை. அதனால் உன் கடிதங்களை வரிசையாக யோசித்துக்கொண்டு போனேன். பிப்ரவரியில் உன் ஊரில் ஆறரைக்கு விளக்குப் போட்டீர்கள். ஏப்ரலில் ஏழு மணிக்கு வெயில் முகத்தில் அடித்தது. ஜூலையில் சூரியன் ஏழரைக்கு இறங்கியது. எனக்கு இங்கே எந்த மாதமும் ஏழு, ஏழரைக்குத்தான் இறங்குகிறது. கோத்தா கினபாலுவில் இருக்கும் தனேஷுக்கு எழுதிக் கேட்டேன். "ஆறரைக்கு மேல ஒண்ணும் தெரியாதுகா, எல்லா மாசமும் அப்படித்தானாம்" என்றான்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் அலுவலக வேலை என்று சொன்னேன். பொய்தான். கிராப் டாக்சி பிடித்து தெலுக் பங்லிமா காராங் போனேன். அங்கிள் சொன்ன மாமாக் கடை, ஒரு தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருக்கிறது. குடிக்க ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து கூட்டமாக வெளியே வந்தார்கள். நல்ல வெயில். ஒருவன் தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கூட வந்தவன் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தபடி வந்தான். எனக்கு இரண்டு மேசை தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "பாஸ், ரொட்டி ஒண்ணு, கறி தனியா வைங்க" என்றான். சதை போட்டிருந்தது. நன்றாகத் தூங்கி எழுகிறவன் முகம். நம் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு முகம் இருந்ததில்லை.

நான் கூப்பிடவில்லை. எனக்குத்தான் கூப்பிட வராதே. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

உன் ஊரில் இப்போது எத்தனை மணிக்கு இருட்டுகிறது, அண்ணா?

பிரியா


தெலுக் பங்லிமா காராங்
5 அக்டோபர் 2025

பிரியா,

விஜயன் உன் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. அவனே கீழே, "போதும்டா, இனிமே என்னால போஸ்ட் பண்ண முடியாது" என்று எழுதியிருந்தான். நான் எழுதி உறைக்குள் உறை வைத்து அவனுக்கு அனுப்புவேன், அவன் அங்கே பெட்டியில் போடுவான். அப்படித்தான் நடந்தது. இது நேரே இங்கிருந்து வருகிறது.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நான் உண்மையாகவே போனேன். அந்த மழை, டிராக்டர், எல்லாம் உண்மை. மார்ச் முதல் வாரம், இனி என்னால் முடியாது என்று திரும்பிவிட்டேன். விமானம் இறங்கி வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் பழைய கூட்டாளி ஒருவனுடைய அறையில் தங்கிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கண் விழித்தேன். யாரும் எழுப்பவில்லை. நாலரை மணி அலாரம் இல்லை, ஊசி வாடை இல்லை, அம்மா வாந்தி எடுக்கும் சத்தம் இல்லை. அந்த ஒரு காலைக்காக இன்னொரு நாள் இருந்தேன். பிறகு இங்கே வேலை கிடைத்தது. நீ யுனிவர்சிட்டியில் இருந்த நாலு வருடம் நான் லோரியும் ஓட்டினேன், அப்பாவுக்குப் பிறகு அம்மாவையும் பார்த்தேன். என் பங்கு முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயமா இல்லையா என்று நீ சொல்.

உன் வேலை விஷயம்தான் என்னைக் கொல்கிறது. நீ அங்கே போனால் நான் அங்கே இல்லை என்பது தெரிந்துவிடும். அந்தக் கடிதத்தில் நான் எழுதிய காரணங்களில் ஒன்றுகூட உண்மையான காரணம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வராது. அம்மாவுக்குத் தெரியும். மார்ச்சிலேயே சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம்யா, தெரிஞ்சா அவளும் கெளம்பிடுவா" என்றார். நீ மே மாதம் எனக்கு எழுதியதையும் அம்மாவிடம் சொன்னேன். எப்படியாவது நிறுத்து என்றார். அம்மா மேல் பழி போடவில்லை. எழுதியது என் கை.

தீபாவளிக்கு வரட்டுமா? நீ வா என்றால்தான் வருவேன். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

பிரவின்


கிள்ளான்
22 அக்டோபர் 2025

அண்ணா,

உன் உடம்பு நலம் என்று தெரியும், பார்த்தேன். அம்மா நலம். என்னைக் கேட்டாய். நானும் நலம்தான், காய்ச்சல் எதுவும் இல்லை.

உன் கடிதம் மூன்றே நாளில் வந்துவிட்டது. பக்கத்திலிருந்து வரும் கடிதம் இவ்வளவு சீக்கிரம் வரும் என்பது எனக்குப் பழக்கமில்லாமல் போய்விட்டது. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. தீபாவளியன்று அம்மா காலையிலிருந்து கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்தார். நான் முறுக்குத் தட்டை நிரப்பிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் அப்படியும் இருக்க முடிகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் கேட்டேன். சத்தம் போடவில்லை. துணி மடித்துக்கொண்டே, "அண்ணன் பங்லிமா காராங்ல இருக்கான், ஒங்களுக்குத் தெரியும்தானம்மா?" என்றேன்.

அம்மா நான் மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு, "அவன் எங்கயோ நல்லா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். நீதான் இங்க இருக்கியே" என்றார்.

"எனக்கு வந்த வேல?"

"நீயும் போயிட்டா நான் யாரோட போவேன்?"

பயம்தான். எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை. இருபத்தாறு வயதில் எனக்கு வந்த ஒரே ஆசையை நான் ஒருவனிடம் மட்டும்தான் சொன்னேன். அவன் அதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் சொல்லி, இருவரும் சேர்ந்து, எனக்கு நல்லது என்று எழுதினீர்கள். நான் அந்தக் கடிதத்துக்கு நன்றி சொல்ல நினைத்தேன், அண்ணா. அடுத்த கடிதத்தில் எழுத மறந்துவிட்டேன். மறந்ததே நல்லது.

உன் பங்கு முடிந்ததா என்று கேட்டாய். நீ லோரி ஓட்டித்தான் நான் படித்தேன். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. நீ நேரே வந்து, "எனக்கு முடியல பிரியா, நான் தனியா இருக்கப் போறேன்" என்று சொல்லியிருந்தால் நான் சரி என்றிருப்பேன். எனக்கு வேறு என்ன சொல்ல வரும்? எனக்கு வலிப்பது நீ போனது இல்லை. என்னைப் போகவிடாமல் செய்துவிட்டுப் போனது.

ஒன்று கவனித்தேன். அன்று கிராப்பில் வந்தபோது நேரம் பார்த்தேன். டயாலிசிஸ் மையத்திலிருந்து உன் தொழிற்சாலைக்கு முப்பத்தைந்து நிமிடம். ஐந்தே முக்காலுக்கு அம்மாவை விட்டால், ஏழு மணி ஷிப்டுக்கு நிதானமாக ஒரு தே தாரிக்கும் குடித்துவிட்டுப் போகலாம். எட்டு மாதமும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

தனேஷ் திரும்பி வருகிறான். மனைவிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. மேடம் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. போகிறேன் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். நவம்பர் ஆறாம் தேதி மாலை விமானம். அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அழுதார். "எல்லாரும் போங்க" என்றார். நான் போய் அவருக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தேன். ஒருநாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று இருக்கிறதே, அதை அழுகிறார் என்பதற்காகக் கூட்ட முடியாது.

அங்கே போய் முகவரி எழுதுகிறேன். நீ எழுதினால் படிப்பேன். பதில் போடுவேனா என்று இப்போது தெரியவில்லை.

பிரியா

கையெழுத்துக்குக் கீழே எழுதுவது சரியில்லை. மேலே எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. எனக்கென்று உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இது ஒன்றுதான்.

நவம்பர் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை நாலரைக்கு வீட்டுக்கு வா. அன்று நானும் கூட வருவேன், எல்லாம் சொல்லித் தருகிறேன். உன் அறை பூட்டாமல்தான் இருக்கிறது. ஜூனில் அம்மாவின் இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாயை இணைத்திருக்கிறார்கள், நீ அதைப் பார்த்ததில்லை. அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிடாதே, வலது பக்கமாக நில். வியாழக்கிழமையிலிருந்து அம்மாவை நீ கூட்டிக்கொண்டு போ.